ரயில் கடலில் விழுந்தது... காகிதத்தில்!

ஒரு ரயிலைக் கடலில் தள்ளப்போகிறோம். பதறாதீர்கள், காகிதத்தில்தான். இடம் பாம்பன். கையில் இருப்பவை மூன்றே மூன்று விதிகள். படித்தால் ‘இதில் என்ன தப்பு இருந்துவிட முடியும்?’ என்று தோன்றும் அப்பிராணி விதிகள். அவற்றில் ஒன்றைக்கூட மீறாமல் ரயிலைத் தள்ளிக் காட்டுவதுதான் விளையாட்டே!

முதலில் மேடையைப் பார்த்துவிடுவோம். 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலம். நீளம் 2.08 கி.மீ. 18.3 மீட்டர் அகலத்தில் 99 கண்கள். நூறாவது கண்தான் கதாநாயகன். 72.5 மீட்டர் நீளம், அறுநூறு டன்னுக்கு மேல் எடை, அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு மேலே ஏறும். இரு பக்கமும் கோபுரங்கள், எடைக்கு எடை கட்டித் தொங்கவிட்ட எதிர்ப்பளுக்கள், மோட்டார்கள். பட்டனைத் தட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

பக்கத்தில் இருக்கும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் ஒரு கூட்டம் எப்போதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும். தூக்கும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கையில் செல்போன், மறு கையில் சோன்பப்டி. “தூக்குது, தூக்குது!” என்று ஊரே கத்தும்போது, ஐந்து வயதுப் பேரன் ஒருவன் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். “தாத்தா, இப்ப ரயில் வந்துட்டா?”

“வராதுடா. சிக்னல் போட மாட்டாங்க.”

“போட்டுட்டா?”

தாத்தா பேச்சை மாற்றி ஐஸ்க்ரீம் வாங்கப் போய்விட்டார். ஆனால் உலகில் ஒரு கூட்டம் இந்த ‘போட்டுட்டா?’வை மட்டும் பிடித்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளாகச் சோறு சாப்பிடுகிறது. ஃபார்மல் மெத்தட்ஸ்காரர்கள் என்று பெயர். அணு உலை, விமானம், ரயில் சிக்னல் என்று தப்பு நடந்தால் உயிர் போகிற எந்த இயந்திரத்துக்கும் மென்பொருள் எழுதுமுன், ‘இது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது’ என்று ஒரு தேவைப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலைக் கணிதமாக மாற்றி, ஒரு வரி புரோகிராம் பிறப்பதற்கு முன்பே அதில் ஓட்டை தேடுவது இவர்களின் பிழைப்பு. அந்தப் பட்டறைக்குள்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கீழே வரும் விதிகள் நான் விளையாட்டுக்கு எழுதியவை; ரயில்வேயின் கோப்பிலிருந்து எடுத்தவை அல்ல. பாலம் நிஜம், காற்று நிஜம், விதிகள் என் கைச்சரக்கு.

ஒன்று: ரயில் பாலத்தின் மேல் இருக்கும்போது தூக்குத்தளத்தின் பூட்டைத் திறக்கக் கூடாது.

இரண்டு: தளம் கீழே இறங்கிப் பூட்டப்படாத வரை சிக்னல் பச்சை ஆகக் கூடாது.

மூன்று: காற்று மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் வீசினால் தளம் அசையவே கூடாது. (இந்த 50 மட்டும் என் சரக்கு இல்லை. அந்த வேகத்துக்கு மேல் தூக்குவதில்லை என்று புதிய பாலத்தைப் பற்றிச் செய்திகளில் வந்ததுதான்.)

நன்றாகத்தானே இருக்கிறது? கையெழுத்துப் போடலாமா? இதோ, தள்ளுகிறேன்.

தளம் கீழே, பூட்டியிருக்கிறது. சிக்னல் பச்சை. இரண்டாம் விதி திருப்தி. மண்டபம் பக்கமிருந்து வரும் ரயில் சிக்னலைத் தாண்டுகிறது. தாண்டியதும் வழக்கப்படி சிக்னல் சிவப்புக்குத் திரும்புகிறது. ரயில் பாலத்தை நோக்கி உருண்டு வந்துகொண்டிருக்கிறது, இன்னும் பாலத்தில் ஏறவில்லை. இந்த நேரம் பார்த்து வடகடலில் காத்திருக்கும் கப்பலுக்காக ஒருவர் பட்டனைத் தட்டுகிறார். மென்பொருள் விதிகளைப் புரட்டுகிறது. ரயில் பாலத்தின் மேல் இருக்கிறதா? இல்லை. சிக்னல் பச்சையா? இல்லை. காற்று? மந்தமாருதம். பூட்டு திறக்கிறது, தளம் ஏறுகிறது, ரயில் பாலத்துக்குள் நுழைகிறது. முதல் விதி இப்போதாவது கத்துமா? கத்தாது. ரயில் மேலே இருக்கும்போது பூட்டைத் திறக்கக் கூடாது என்றுதானே சொன்னோம்? யாரும் திறக்கவில்லையே, அது ஏற்கெனவே திறந்துதானே கிடக்கிறது!

தொபுக்கடீர்.

மூன்று விதிகளும் மாசு மறுவில்லாமல் காப்பாற்றப்பட்டன. புரோகிராம் எழுதியவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார். ஆயிரம் பேர் உட்கார்ந்து புரோகிராமில் பிழை தேடினாலும் கிடைக்காது. பிழை அதற்கு முன்பே, தமிழில் எழுதிய மூன்று வரிகளுக்குள் இருந்தது.

இது வெறும் காகித விளையாட்டு என்று நினைத்தால், 1993 செப்டம்பர் 14, வார்சா விமான நிலையம். லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320, மழையில் நனைந்த ஓடுதளத்தில் இறங்குகிறது. வேகத்தைக் குறைக்கும் கருவிகள் தரையில் இறங்கிய பிறகுதான் வேலை செய்ய வேண்டும் என்பது தேவை. நியாயமான தேவை, ஆகாயத்தில் அவை விரிந்தால் விபரீதம். தரையில் இறங்கியாயிற்று என்பதை மென்பொருள் எப்படித் தெரிந்துகொள்ளும்? இரு பக்கச் சக்கரக் கால்களும் போதிய எடையில் அழுந்த வேண்டும், அல்லது சக்கரம் சுழல வேண்டும். அன்று விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது, சக்கரம் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. விமானம் தரையில் இருக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை இன்னும் ஆகாயத்தில். சுமார் ஒன்பது விநாடித் தாமதம். ஓடுபாதை தீர்ந்து, மண்மேட்டில் மோதி இருவர் இறந்தார்கள். ‘தரை’ என்றால் என்ன என்று அங்கே எழுதியதும், ‘பாலத்தின் மேல்’ என்றால் என்ன என்று இங்கே நான் எழுதியதும் ஒரே ஜாதித் தப்பு.

சரி, பட்டறைக்குள் வாங்க. இங்கே வேலை செய்யும் ஆசாமியின் பெயர் மாடல் செக்கர். நம்மூர் பாணியில் சொன்னால் நக்கீரர். முன்னால் நிற்பது யாராக இருந்தாலும் சரி, குற்றம் குற்றமே என்பதுதான் அவர் சுபாவம். நீங்கள் பாலத்தின் சின்ன மாதிரி ஒன்றை அவரிடம் கொடுக்க வேண்டும். ரயில் மூன்றில் ஒரு நிலை: தொலைவில், நெருங்குகிறது, பாலத்தில். தளம் நான்கு: பூட்டியது, பூட்டு திறந்தது, நகர்கிறது, மேலே நிற்கிறது. கப்பல் மூன்று: இல்லை, காத்திருக்கிறது, அடியில் போகிறது. காற்று இரண்டு, சிக்னல் இரண்டு. பெருக்கினால் 144. பாம்பன் நாடகத்தின் மொத்த உலகமும் 144 காட்சிகள்! எந்தக் காட்சியிலிருந்து எந்தக் காட்சிக்குப் போகலாம் என்று விதிகள் சொல்லும். ‘தளம் பூட்டாதபோது ரயில் பாலத்தில் இருக்கும் காட்சி வரவே கூடாது’ என்பது நம் ஆசை. நக்கீரர் ஒரு காட்சி விடாமல் நடந்து பார்ப்பார். அப்படி ஒன்று இருந்தால் அங்கே போய்ச் சேரும் வழியை அடி அடியாக எழுதி நீட்டுவார். நான் மேலே சொன்ன கதை அப்படிப்பட்டதுதான்.

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தது இதுதான். ‘தவறு, பக்கம் 47’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ஒரு முழுக்கதை சொல்லித் தப்பைக் காட்டும் இயந்திரம்! அதுவும் எப்படிப்பட்ட கதை? பாதகன் கதை. ரயில் சரியாக அந்த நொடியில் வர வேண்டும், பட்டன் சரியாக அந்த நொடியில் தட்டப்பட வேண்டும், கப்பல் அப்போதுதான் காத்திருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் ஆயிரம் தடவை பாலத்தைத் தூக்கி இறக்கினாலும் இந்தப் பொருத்தம் வாய்க்காமல் போகலாம்.

144 என்பது கைவிரல் கணக்கு. ‘உண்டு, இல்லை’ என்று இரண்டே நிலை உள்ள முப்பது சென்சார்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 107 கோடிக் காட்சிகள். இந்தப் பெருக்கத்துக்குத்தான் துறையே நடுங்கியது. காட்சிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் கும்பல் கும்பலாகச் சுருட்டிப் பிடிக்கும் தந்திரம் பிடிபட்ட பிறகு, 1990-இல் எட்மண்ட் கிளார்க்கும் சகாக்களும் 1-க்குப் பின் 20 சுழி போட்ட அளவு காட்சிகளைச் சமாளித்ததாகத் தலைப்பிலேயே தம்பட்டம் அடித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளார்க், ஆலன் எமர்சன், பிரான்சிலிருந்து ஜோசப் சிஃபாக்கிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் டூரிங் விருது. அதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் இஸ்ரேலின் அமீர் ப்னுவேலி. எப்போதும், என்றாவது, அடுத்து, அதுவரை... இப்படிக் காலம் பேசும் தர்க்கத்தை 1977-இல் புரோகிராம்களுக்குக் கொண்டுவந்தார். 1996-இல் அதே விருது.

இங்கே கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம். மென்பொருள் தேவைகளை மெய்ப்பிக்க உலகம் முழுக்கப் பயன்படும் கருவிகளில் பி.வி.எஸ். ஒன்று. அதைக் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய மூவரில் ஒருவர் நடராஜன் சங்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் காலம் பேசும் அந்தத் தர்க்கத்தையே ஆராய்ந்த ரா. ராமானுஜத்தை ‘துளிர்’ அறிவியல் இதழ் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு முகமாகத் தெரியும். சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் இன்றும் இதே சரக்கு கொதிக்கிறது.

பாலத்துக்குத் திரும்புவோம். ஓட்டையை எப்படி அடைப்பது? ரயில்காரர்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கு இது பழைய பாடம். சிக்னலைத் தாண்டி வண்டி நெருங்கிவிட்டால் வழி முழுக்கப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது ரூட் லாக்கிங், கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த வழக்கம். சிக்னல் நெம்புகோலும் தண்டவாளம் மாற்றும் நெம்புகோலும் ஒன்றுக்கொன்று முரணாக நகரவே முடியாதபடி இரும்புப் பற்களால் கோத்துவிடும் வேலைக்கு ஜான் சாக்ஸ்பி இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1856-இல். இரும்பிலேயே எழுதிய தர்க்கம்! 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ஷெர்சர் தூக்குப்பாலத்தை ஆட்கள் கையால் சுழற்றித் திறந்த காலத்தில், பாதி விதிகள் அந்த ஆட்களின் கண்ணிலும் தலையிலும் இருந்தன. ரயில் வருவது தெரிந்தால் யார் சுழற்றுவார்கள்? மோட்டாருக்குக் கண் கிடையாது. எழுதிக் கொடுத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஆக, முதல் விதியைத் திருத்துகிறேன்: ரயில் சிக்னலைத் தாண்டியதிலிருந்து பாலத்தை விட்டு முழுதாக இறங்கும் வரை தளம் பூட்டியே இருக்க வேண்டும். நக்கீரர் மறுபடி 144 காட்சிகளையும் சுற்றிவிட்டு, ‘பாதுகாப்பு’ என்று முத்திரை குத்துகிறார். வெற்றி!

கொஞ்சம் பொறுங்கள். எந்த அழகில் பாதுகாப்பு என்று பார்த்தீர்களா? சிக்னல் காலகாலத்துக்கும் சிவப்பு, தளம் காலகாலத்துக்கும் பூட்டு என்று ஒரு மென்பொருள் எழுதினால், அதுவும் எல்லா விதிகளையும் நிறைவேற்றும். ரயில் மண்டபத்திலேயே கிடக்கும், கப்பல் கடலிலேயே கிடக்கும், விதி ஒன்றுகூட மீறப்படாது. உலகத்திலேயே பத்திரமான பாலம் வேலையே செய்யாத பாலம்தான்! அதனால் ‘கெட்டது நடக்கக் கூடாது’ என்ற வரிசைக்குப் பக்கத்தில் ‘நல்லது நடந்தே தீர வேண்டும்’ என்று இன்னொரு வரிசை எழுத வேண்டும். லெஸ்லி லாம்போர்ட் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதும் அதே 1977-இல்தான்.

நல்லது நடக்கட்டும் என்று நான்காவதாக ஒன்று சேர்க்கிறேன்: கப்பல் காத்திருந்தால் தளத்தைத் தூக்கியே தீர வேண்டும்; தூக்கிய 30 நிமிடத்துக்குள் அது கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். தாம்பரம் எக்ஸ்பிரஸ் எத்தனை நேரம் காத்திருக்கும், பாவம்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது என்று வையுங்கள். தளம் மேலே நிற்கிறது, கப்பல் அடியில் போய்க்கொண்டிருக்கிறது, காற்று 55. மூன்றாம் விதி, அசையாதே என்கிறது. நான்காம் விதி, அரை மணிக்குள் இறங்கு என்கிறது. காற்று ஒரு மணி நேரம் விடவில்லை. இனி உலகத்திலேயே கெட்டிக்காரப் புரோகிராமரைக் கூட்டி வந்தாலும் இந்த நான்கையும் நிறைவேற்றும் மென்பொருளை எழுதவே முடியாது. திறமைக் குறைவு இல்லை, அப்படி ஒரு மென்பொருள் இருக்கவே வாய்ப்பில்லை. இதைக் கண்டுபிடிக்கும் முறைதான் எனக்குத் தலைசுற்றல் தரும் விஷயம்: கணினி இதை இரண்டு பேர் ஆடும் ஆட்டமாகப் பார்க்கிறது. ஒரு பக்கம் மென்பொருள், எதிர்ப்பக்கம் கடல், காற்று, கப்பல். காற்று எப்படிக் காய் நகர்த்தினாலும் மென்பொருளுக்கு ஒரு பதில் நகர்த்தல் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தேவைகள் நிறைவேறக்கூடியவை. இல்லையென்றால் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுது. 1989-இல் ப்னுவேலியும் ரோனி ரோஸ்னரும் வகுத்த பாதை இது. நாசாவின் ஃப்ரெட் என்ற இலவசக் கருவியில் இன்று யாரும் ஆடிப் பார்க்கலாம். எந்த நேரத்தில், எந்த நிபந்தனையில், எந்தப் பகுதி, எத்தனை நொடிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டமாக வாக்கியம் போட்டால், அதுவே தர்க்கமாக மாற்றிக்கொள்ளும்.

காற்று பாம்பனில் வெறும் உதாரணம் கிடையாது. பழைய பாலத்தில் காற்றுமானி மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும் ஏற்பாடு இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைத் தொட வந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் அப்படியே சுருட்டிக்கொண்டு போனது; நூறு பேருக்கு மேல் போனார்கள். பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள். அவற்றைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை ஓடவைத்த இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். இந்தக் கரையில் ‘காற்று’ என்று ஒரு மாறியை மாதிரியில் எழுதும்போது கை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

மூன்றுக்கும் நான்குக்கும் சண்டை என்றால் யார் தீர்ப்பது? அங்கேதான் இயந்திரம் ஒதுங்கி நின்று நம் முகத்தைப் பார்க்கிறது. 30 நிமிடத்தை விட்டுக்கொடுப்பதா? ‘அவசரத்தில் மனிதர் கையால் இயக்கலாம்’ என்று ஐந்தாம் விதி சேர்ப்பதா? ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் மேடைதோறும் சொன்ன கதை ஞாபகம் வருகிறது. 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3. கடைசி நிமிடங்களில் கணினி ‘நிறுத்து’ என்றது. வல்லுநர்கள் ‘பரவாயில்லை, ஏவலாம்’ என்றார்கள், கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. மறு ஆண்டு வென்றார்கள் என்பது வேறு. மனிதர் கையில் சாவி கொடுக்கும் விதிதான் எல்லா விதிகளிலும் எழுதக் கஷ்டமானது என்பது என் கட்சி.

இதெல்லாம் நிஜமாகவே நடக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ராட்டர்டாம். கடல் பொங்கினால் துறைமுகக் கால்வாயையே மூடிவிடும் மாஸ்லாண்ட் தடுப்பு, 1997-இல் திறந்தது. 22 மீட்டர் உயரத்தில் இரண்டு ராட்சதக் கதவுகள். மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது மனிதர் இல்லை, மென்பொருள்! மூடினால் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று நின்றுபோகும். மூடாவிட்டால் ஊர் முழுகும். அதை வடிவமைத்தபோது தரவுகளையும் செயல்களையும் ‘இசட்’ என்ற கணிதக் குறிமொழியில் எழுதினார்கள். பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை ஸ்பின் என்ற மாடல் செக்கரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளம் எல்லையைத் தொட்டு, மென்பொருள் தானாகவே கதவைச் சாத்திய முதல் நாள் 2023 டிசம்பர் 21. இருபத்தாறு ஆண்டுக் காத்திருப்பு! பாரிஸில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் 14-ஆம் மெட்ரோ தடம், 1998. அதன் பாதுகாப்புப் பகுதிக்கு ‘பி’ என்ற கணித முறையில் 27,000-க்கு மேற்பட்ட சின்னச் சின்ன மெய்ப்பிப்புகள். ரயில் மென்பொருளுக்கு ஐரோப்பியத் தரமாக இருந்த இ.என். 50128, உச்சப் பாதுகாப்பு நிலைகளுக்கு இந்த முறைகளைப் பலமாகப் பரிந்துரைத்தது. ரயில் மோதலைத் தடுக்கும் நம் கவச் கருவிக்கும் அந்த உச்ச நிலை, சில்-4, தேவை.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. நக்கீரர் எதுவும் கண்டுபிடிக்காமல் வெளியே வந்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். ‘மாதிரியில் எதை விட்டோம்?’ என்று கேட்பார்கள். 2013 ஜனவரி 13: கட்டறுந்து மிதந்து வந்த கடற்படைக்கான மிதவைக் கலம் ஒன்று பழைய பாம்பன் பாலத்தில் மோதியது. என் மாதிரியில் கப்பலுக்கு மூன்று நிலைதான்: இல்லை, காத்திருக்கிறது, அடியில் போகிறது. ‘யார் சொல்லையும் கேட்காமல் வருகிறது’ என்று ஒன்று இல்லவே இல்லை! நான்காவதைச் சேர்த்தால் 144 என்பது 192 ஆகும். சேர்க்கிறேன். நக்கீரர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, தளத்தைத் தூக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, கலம் வேறு கண்ணில் மோதுகிறதே.

ஆனால் அதே கப்பலை வைத்து இன்னொன்று பிடித்துவிட்டார். நேற்றுத்தான் பெருமையாக இன்னொரு விதி எழுதினேன்: கப்பல் அடியில் இருக்கும்போது தளம் இறங்கக் கூடாது, கப்பல் கடந்ததும் இறங்கலாம். தூக்கும் நாளில் பாம்பன் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். ஒரு கப்பலுக்காகத் தூக்கினால், அதற்காகவே நங்கூரம் போட்டுக் காத்திருந்த பெரிய விசைப்படகுகள் பின்னாலேயே வரிசை கட்டி வடகடலுக்கும் தென்கடலுக்கும் பாயும். என் விதியில் ஒரே ஒரு கப்பல். அது கடந்தாயிற்று, தளம் இறங்குகிறது, அடியில் இரண்டாவது படகு. எந்த விதியும் மீறப்படவில்லை. காகிதத்தை எடுங்கள், கப்பலுக்கு எண் போட வேண்டும்.